தாளத்தில் நிற்காத பெயர்

குருவிநத்தம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் செல்வகுமாரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். பிரான்சில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதே தீர்த்துவிடுவோம். அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டுத் தேவியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

என் ஒப்பாரியை வைத்து நீ செய்து அனுப்பிய பாட்டைக் கேட்டோம். கேட்ட கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்குத்தான் காது மந்தமாயிற்றே, உன் தம்பி தமிழ்க்குமரன் வாங்கி வைத்த பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். என் ஒப்பாரி தெரு முழுக்கக் கேட்டது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி கேட்டால் சும்மா இருப்பார்களா? கழனியில் களை எடுத்தவர்கள் சேற்றுக் காலோடு ஓடி வந்தார்கள். தையலம்மாள் முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "இன்னா ஆச்சிடி, அண்ணனுக்கா?" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த அண்ணன், உன் அப்பாவே, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சாவு மாலை வாங்கப் பாகூருக்குக் கிளம்பிய ஒருவரை வழியிலேயே மடக்கினோம். தமிழ்க்குமரன் நம்மை விட்டுப் போன இந்த ஒன்றரை வருடத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

பிறகு கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து மறுபடி கேட்டோம். அவன் சாவுக்கு வர ஃப்ளைட் கிடைக்காமல் நீ போனிலேயே பார்த்தாயே, அப்போது பதிவு செய்த என் அழுகை. அதன் பின்னால் உன் ராகம். அதற்கும் பின்னால் எட்டு பிரெஞ்சுப் பெண்கள் மாதாகோயில் பாட்டு மாதிரி இழுக்கிறார்கள். என் அழுகை சுருதி பிசகாமல் இருப்பதாக எழுதியிருக்கிறாய். சுருதி பார்த்தா அழுதேன்? எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் சேர்ந்து இழுத்தபோது, அன்றைக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் ஞாபகம் வந்தது. பாஷை தெரியாதவர்கள் என் பிள்ளைக்காக அழுகிறார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

இதை மேடையில் பாடலாமா என்று கேட்டிருக்கிறாய். அப்பா எழுந்து மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, "பாட்டுல நம்ம தமிழு பேரு எங்க போச்சி?" என்று மட்டும் கேட்டார். நானும் அதைத்தான் தேடினேன். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் தாளத்தில் நிற்கவில்லை, வெட்டிவிட்டேன் என்கிறாய்.

பாடு, கண்ணு. நாங்கள் தடுக்கவில்லை. ஆனால் அவன் பெயரைத் திரும்பச் சேர். அந்த இடத்தில் தாளம் காத்திருக்கட்டும், அந்தப் பெண்களும் காத்திருக்கட்டும். என் குரலும் அங்கே வேண்டாம். அன்றைக்குப் போனில் உன் முகம் தெரிந்தது, நீ வாயே திறக்கவில்லை. ஊரே அவனைக் கூப்பிட்டு அழுதது. அக்கா மட்டும்தான் இன்னும் கூப்பிடவில்லை.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஒரு தரம் வாய்விட்டுக் கூப்பிடு.

உன் அம்மா,
அம்சவள்ளி