முருகேசன் வண்டியின் பின் ஆக்ஸில்

ஜூலை 1, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஷெட் கூரை ஒழுகும் இடத்தில் வாளி. பேட்டரிக் கடைக்குப் போன் செய்ய மறந்துபோயிற்று.

பத்து மணிக்கு ராமாபுரம் முருகேசன். மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டு நேராக இங்கே. மைசூர் மண்டி மொஹல்லாவில் என் ஷெட் இருக்கும் சந்துக்குள் பிக்கப்பை நுழைப்பதற்குள் நாலு ஆட்டோக்காரர்களிடம் பேச்சு வாங்கியாயிற்று. பன்னிரண்டு வருடமாக வண்டியை என்னிடம் மட்டுமே காட்டுகிறவர். கூட மனைவி சித்ரா. லோடு போகும்போதெல்லாம் அவளும் போவாள்.

“பின்னாடி ஒரு சத்தமுங்ணா. ஊய்யினு” என்றார்.

மூன்று பேரும் ரிங் ரோட்டுக்கு. நான் ஓட்டினேன். அறுபதில் போகும்போது சித்ரா, “இப்பக் கேக்குதுங்களாண்ணா? ஆக்சிலேட்டர்ல கால வச்சா வருது. எடுத்தா நின்னு போவுது” என்றாள்.

எனக்கு இன்ஜின், காற்று, அடியில் டயரின் உறுமல். அவ்வளவுதான். காலை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். ஊய் என்று எதுவும் இல்லை.

“கேக்குது” என்றேன்.

அவள் சொல்வது சரியென்றால் கோளாறு டிபரென்சியலில். பின் ஆக்ஸில் நடுவில் இருக்கும் அந்த உருண்டைக்குள் பல்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்திருக்க வேண்டும். எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறேன். இருந்தும் வாயில் வந்தது வேறு.

“டயர் சத்தமாத்தான் இருக்கும். எதுக்கும் நாளைக்கு வாங்க, ஆயிலையும் மாத்திடலாம்.”

வீட்டில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ரேவதி வந்து டீவி சத்தத்தைக் குறைத்தாள். “சத்தம் தாங்கலன்னு பக்கத்து வீட்ல பேஜாரு பண்ணிக்கிறாங்க.” குறைத்த பிறகு எனக்குப் படம் மட்டும்.

ஜூலை 2, செவ்வாய்

வெயில். முதுகு வலி.

முருகேசன் வண்டி. ஒரு சுற்று ஓட்டி ஆயிலைச் சூடாக்கியாயிற்று. முதலில் மேல் போல்ட், பிறகு கீழ் போல்ட். மேல் போல்ட் வருகிறதா என்று பார்க்காமல் ஆயிலை இறக்கிவிட்டால், திரும்ப நிரப்ப வழியில்லாமல் விழிக்க வேண்டியதுதான். வந்த ஆயில் கறுப்பு. தீய்ந்த வாடை.

கீழ் போல்ட்டின் நுனியில் காந்தம். அதில் சாம்பல் நிறச் சகதி ஒட்டியிருப்பது வழக்கம். இன்று சகதிக்குள் மூன்று இரும்புச் செதில்கள். நகத்துணுக்கு அளவு. பளபளப்பு.

செதில் வந்தால் உள்ளே ஏதோ உடைகிறது, பிரிக்க வேண்டும். பிரித்தால் நாலு நாள் வண்டி நிற்கும், பாவம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை. பிரித்துச் சேர்த்தபின் ஓட்டிப் பார்த்து, சத்தம் போயிற்றா இல்லையா என்று நான் சொல்ல வேண்டும். அதுதான் காரணம்.

செதில்களைத் துணியால் துடைத்தேன். முருகேசன் டீக்கடையில். சித்ரா சற்றுத் தள்ளி, வாசல் பக்கம்.

புது ஆயில், மேல் துளையில் வழியும் வரை. போல்ட் இறுக்கல். மறுபடி ரிங் ரோடு.

“போயிருச்சுங்களாண்ணா?” என்று கேட்டார் முருகேசன்.

எனக்கு நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

“போச்சு. தைரியமா ஓட்டுங்க.”

தனக்கும் குறைந்த மாதிரிதான் தெரிகிறது என்றார். சித்ரா பின்பக்கமே காதை வைத்திருந்தாள்.

ஜூலை 5, வெள்ளி

மதியம் சாப்பிடும்போது போன். முருகேசன் குரல். என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. “எங்க? எங்க?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ரேவதி போனை வாங்கிக் கேட்டு, எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

நரசிபுரம் தாண்டி, மழை ஈரத்தில், பின் சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொண்டது. வண்டி சுற்றிப் போய்ப் புளியமரத்தில் மோதியது. அவருக்குச் சிராய்ப்பு. சித்ராவுக்குத் தோள் எலும்பும் இரண்டு விலா எலும்பும் முறிவு. ஆம்புலன்ஸில் மைசூருக்கு வருகிறார்கள்.

தட்டில் சோறு அப்படியே.

ஜூலை 6, சனி

வண்டியை இழுத்து வந்து ஷெட்டில் விட்டார்கள். டிபரென்சியலின் பின் மூடியைத் திறந்தேன். முன் பேரிங் தூள். அந்தத் தூள் பற்களுக்கு நடுவே சிக்கி, நாலு பல் மொட்டை. ஆயில் மட்டும் புதுசாக, தேன் நிறத்தில்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. முருகேசன் வராந்தாவில். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“வண்டின்னா அப்பிடித்தானுங்ணா. நீங்க என்ன பண்ணுவீங்க.”

சொல்ல வாயெடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். வாங்கிப்போன ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

ரேவதி வற்புறுத்திக் காது பரிசோதனை. கண்ணாடி அறை, காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் அழுத்தினேன். பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது போல என்று நிமிர்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதிக்கும் பெண் எதையோ திருகிக்கொண்டேதான் இருந்தாள்.

காகிதத்தில் ஒரு கோடு. பாதி வரை நேராக, அப்புறம் கிணற்றில் விழுந்த மாதிரி. கீச்சுச் சத்தம் எதுவும் எட்டாது. போனது திரும்பாது. காதில் மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு புரியும்.

“வண்டிச் சத்தம்?” என்று கேட்டேன்.

“அது சொல்ல முடியாது சார்.”

வரும் வழியில் ஆட்டோவில் ரேவதி அழுதாள். முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.

ஜூலை 9, செவ்வாய்

ஆஸ்பத்திரி. முருகேசன் மருந்து வாங்கப் போயிருந்த நேரம். சித்ராவிடம் சொன்னேன். காது, செதில், துணியால் துடைத்தது, எல்லாம்.

அவள் இடது கையில் கட்டு. மூச்சு விடும்போது முகம் சுளித்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“தெரியுமுங்ணா. அன்னிக்கி வண்டியில நான் சொல்றப்ப நீங்க ரோட்டப் பாக்கல, என் வாயப் பாத்தீங்க.” எனக்குக் கேட்கட்டும் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

“அப்புறம் ஏம்மா ஏறுன?”

“அவருகிட்ட சொன்னனுங்க. சத்தம் இன்னும் இருக்குதுன்னு. அண்ணன் போச்சுன்னு சொன்னா போச்சுதான்னுட்டாரு.”

வாசலைப் பார்த்துவிட்டு, “அவருகிட்ட இதச் சொல்லாதீங்க. மனசு உட்டுருவாரு” என்றாள்.

முருகேசன் மருந்துப் பையோடு வந்தார். வண்டி எப்போது ரெடியாகும் என்று கேட்டார். பழைய ஆக்ஸில் ஒன்று தேடுகிறேன் என்றேன். நீங்கள் பார்த்துப் போட்டால் கவலையில்லை என்றார். கட்டில் பக்கம் நான் திரும்பவில்லை.

ஜூலை 10, புதன்

மேகமூட்டம். ஷட்டரைத் திறக்க மனமில்லை. திறந்தேன்.

ஒன்பது மணிக்கு ஒரு பிக்கப். தெரியாத ஆள், நஞ்சன்கூடு பக்கமாம். பின்னாடி சத்தம், பார்க்க வேண்டும் என்றார். எனக்குக் காது கேட்காது, வேறு இடத்தில் காட்டுங்கள் என்றேன். வாய்விட்டு ஒரு வெளி ஆளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

சிரித்தார். வேலை அதிகம் என்றால் நேராகச் சொல்லலாமே என்றார். உங்களைத்தான் எல்லாரும் சொன்னார்கள் என்று சாவியை என் கையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.