பக்கத்து இருக்கையின் பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

மருந்துக்கடைப் பெண் இன்னும் ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல்தான் பிடிக்கிறாள். சந்தியில் வண்டியை நிறுத்தியது நான். பயிற்சிக் காரில் சொல்லித்தருபவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு; அதை மெல்ல அழுத்திவிட்டு, "பாத்தியா, நீயே நிறுத்திட்ட" என்றேன். கார் ஓட்டப் பழக வரும் எல்லாரிடமும் நான் சொல்லும் பொய். பாதிப் பேருக்கு அதில்தான் தைரியமே வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டார். வலது செருப்பு காரிலேயே கிடந்திருக்கிறது. ஒற்றைச் செருப்போடு படியேறி வந்திருக்கிறேன்! இருவரும் சிரித்தோம். அவர்தான் முதலில் நிறுத்தினார்.

மார்ச் 12, புதன்

என்னைப் போன்ற சர்க்கரை நோயாளிகளை வைத்து ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி. யாருக்கு நரம்பு கெடுகிறது என்று ரத்தத்தை வைத்தே சொல்ல முடியுமா என்று பார்க்கிறார்களாம். வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்தேன். பிறகு அங்கிருந்த டாக்டர் பெண் என்னைக் கண்ணை மூடச் சொன்னாள். நைலான் இழையால் பாதத்தைத் தொடுவாளாம், படும்போது சொல்ல வேண்டுமாம். எப்போது ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றாள்.

மார்ச் 13

அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 2, புதன்

டாக்டர் பெண் உட்காரவைத்துப் பேசினாள். நம் ரத்தத்தில் எத்தனையோ சின்னச் சின்னப் பொருட்கள் ஓடுகின்றனவாம். நரம்பு கெட்டவர்களுக்கு அவற்றில் சில ஏறியும் சில இறங்கியும் இருக்கின்றனவாம். என்னுடையதும் அப்படித்தான் இருக்கிறதாம். ஏறியதை இறக்க மாத்திரை உண்டா என்றேன்.

"இன்னும் இல்லம்மா. அதுனால நரம்பு கெடுதா, நரம்பு கெட்டதுனால அது ஏறுதான்னே எங்களுக்குத் தெரியல."

சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். டீயில் இனிப்பைக் கண்டு எவ்வளவு காலமாகிறது எனக்கு! இன்னும் என்னதான் செய்ய? கோபத்தைக் காட்ட ஓர் ஆள் வேண்டும்போல் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தால் அதற்கும் மனம் வரவில்லை.

என்ன வேலை என்று கேட்டாள். வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பயம், வேறென்ன.

ஏப்ரல் 3

வேலைக்குப் போனேன்.

ஏப்ரல் 9, புதன்

பள்ளிக்கூடத்து வளைவில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். பிரேக்கை ஓங்கி அழுத்தினேன். வண்டி நின்றது. அவர் திட்டிக்கொண்டே போனார். வழக்கம்போல் மருந்துக்கடைப் பெண்ணிடம், பார்த்தாயா, நீயே நிறுத்திவிட்டாய் என்றேன். அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா, நான்தான் நிறுத்துனேன். உங்க கால் பிரேக்குல இல்ல."

குனிந்து பார்த்தேன். என் கால் பெடலுக்குப் பக்கத்தில், வெறும் ரப்பர் விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. நான்தான் நிறுத்தினேன்னு சத்தியமே பண்ணியிருப்பேன். அவ நிறுத்தாம விட்டிருந்தா? அந்த மனுஷன் வீட்ல யார் யார் காத்துட்டிருந்தாங்களோ. எனக்குத் தெரியவே இல்லையே — தெரியவே இல்ல.

ஏப்ரல் 10

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுத்தினார்.

"இங்க தெரியுதா? இங்க?"

கணுக்காலுக்கு மேலே வந்தபிறகுதான் தெரிந்தது. அதுவரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிகிறது என்று பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

முதலாளியிடம் கார் சாவியைக் கொடுத்தேன். வேறு ஓட்டுநர் பள்ளிக்குத் தாவுகிறேன் என்று நினைத்து முறைத்தார். காரணத்தைச் சொன்னதும், மாத்திரை போட்டால் சரியாகிவிடுமே என்றார். நானும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். சாலை விதி வகுப்பை எடுக்கச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷர். ஆனாலும் வரும் வழியெல்லாம் அழுதேன்.

மே 6

ஆராய்ச்சிக்கு மறுபடி ரத்தம் கொடுத்தேன். இந்த முறை எதையும் கேட்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வகுப்பில் படம் போட்டுக் காட்டினேன். ஓடும் காருக்குள்ளிருந்து எடுத்தது. தெருவில் ஒரு பந்து உருண்டு வரும், பின்னாலேயே குழந்தை ஓடிவரும். படத்தை அங்கே நிறுத்தி, எந்த இடத்தில் பிரேக் போடுவீர்கள் என்று கேட்டேன். முன்வரிசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நீங்க ஏற்கெனவே போட்டுட்டீங்க மேடம்."

மேசைக்கு அடியில் காட்டினாள். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று கேட்டேன். படம் ஆரம்பித்ததிலிருந்தே என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு குனிந்து, கண்ணால் பார்த்துக்கொண்டே காலை எடுத்தேன்.