குருட்டுக் குதிரையின் கடைசிப் பதினாறு பக்கங்கள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். நலம் விசாரித்தாயிற்று, இனி திட்டப் போகிறேன். போனில் திட்டினால் நீ மூக்கை உறிஞ்சுவாய், நான் கரைந்துவிடுவேன், அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன் முதல் புத்தகம் அடுத்த மாதம் வருகிறது என்று மாடிப்படி ஏறி இறங்கி நாலு வீட்டுக்கும் சொல்லிவிட்டார். நீ அனுப்பிய முன்னுரையைச் சத்தமாக வாசித்தார், நான் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். சிறுவயதில் உன்னைப் படிக்கவைத்த எழுத்தாளர்கள் என்று ஐந்து பேருக்குக் கும்பிடு போட்டிருக்கிறாய். போடு, நானா வேண்டாம் என்றேன்? ஆனால் முதல் வரி என்ன? எங்கள் வீட்டில் புத்தகமும் இல்லை, படிக்கிறவர்களும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எங்கே கற்றுக்கொண்டாய்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் அப்பாவோ, எவ்வளவு அழகா எழுதியிருக்கா பாரு என்கிறார்.

அந்த ஐந்து பேரும் நம் வீட்டுக்கு நடந்தா வந்தார்கள்? பதினெட்டு வருஷம் அச்சகத்தில் பைண்டிங் மேஜையில் நின்றவள் நான். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஃபாரங்களை வரிசையாக எடுத்து அடுக்க வேண்டும், ஒன்று விட்டுப்போனாலோ இரண்டு தடவை சேர்ந்தாலோ அந்தப் பிரதி கழிவு, கழிவை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். நீ எழுத்துக்கூட்ட ஆரம்பித்த பிறகுதான் என் கை தவற ஆரம்பித்தது, புரிகிறதா? பிள்ளை ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாளே என்று தோன்றினால் மறுநாள் ஒரு ஃபாரம் இரண்டு தடவை சேர்ந்துவிடும். திருட்டுத்தான், ஒப்புக்கொள்கிறேன். மேஸ்திரி எல்லோர் முன்னாலும், கண்ணை வீட்ல வச்சுட்டு வந்தியாம்மா என்று கத்துவார். நான் அடுத்த ஃபாரத்தை எடுத்து அடுக்குவேன். உன் அலமாரியில் எத்தனை புத்தகமோ அத்தனை வசவு வாங்கியிருக்கிறேன், நீ ஒரே வரியில் இல்லை என்று எழுதிவிட்டாய்.

இன்னொன்றும் கேள். அந்தக் குருட்டுக் குதிரைக் கதை வந்தபோது மேஸ்திரி பக்கத்திலேயே நின்றார், அவசரத்தில் கடைசி ஃபாரமே விட்டுப்போனது. குதிரை என்னாச்சும்மா என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாய். அச்சகத்தில் நான் படித்திருந்தேன், அது மலையிலிருந்து விழுந்து செத்துப்போகிறது. அதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் லீவு போட்டு, வெள்ளைத்தாளில் குண்டு குண்டாகப் பதினாறு பக்கம் நானே எழுதித் தைத்துச் சேர்த்தேன். கையெழுத்தாக இருக்கிறதே என்றாய், எழுத்தாளர் உனக்கென்றே எழுதி அனுப்பியது என்றேன், நம்பினாய். இப்போது முன்னுரையில், வாளிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு குதிரை வீடு திரும்பும் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் வாசகியானேன் என்று அவருக்கு நன்றி சொல்கிறாய். அவருடைய குதிரை வீடு திரும்பவே இல்லையடி. முழுப் பிரதி வைத்திருக்கிற எவராவது படித்தால் உன்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா?

என் பெயரைப் போடச் சொல்லவில்லை. அச்சுக்குப் போவதற்குள் அந்த முதல் வரியை எடு, அவ்வளவுதான். கண்ணாடி பவர் பார்த்து மாற்று, பஸ்ஸில் படிக்காதே. உன் புத்தகம் ஒரு ஃபாரமும் விட்டுப்போகாமல் எல்லார் கைக்கும் போய்ச் சேரட்டும், நீ நன்றாக இருப்பாய். குதிரைப் புத்தகத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், கடைசிப் பக்கங்களை இந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்.

இப்படிக்கு,
நம் வீட்டில் இல்லாத அந்த ஆள்,
அம்மா