புல்லென்று நான் பிடுங்கியவை

காலில் ஒட்டிய மணலைத் தட்டும்போதெல்லாம் நினைவில் வரும் என் காளியப்பண்ணே,

உடம்பு ஓய்ந்துவிட்டது. கடலோரச் சவுக்குத் தோப்பிலிருந்து சிராங்கூன் ரோட்டு அறைக்கு வந்ததும், கால்கூடக் கழுவாமல் கடுதாசியோடு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. வெள்ளைக்காரத் துரையும் ஊருக்குப் போய்விட்டார், இப்போது நம்மூர் அதிகாரிதான்.

பழைய தோப்பை வெட்டியபோது விதைக்கு எட்டுத் தாய்மரங்களை விடச் சொன்னது நீங்கள்தான். நட வேண்டாம், அதுவே விழுந்து அதுவே முளைக்கும் என்று துரையிடம் பிடிவாதமாக நின்றீர்கள். கனமாகக் கிடந்த சருகை வாரி மணலில் வெயில் பட வைத்தீர்கள். யாரும் மிதிக்காமல் சுற்றிக் கயிறு கட்டினீர்கள். அத்தோடு சும்மா காத்திருந்தீர்கள். சோம்பேறி விவசாயம் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் சேர்ந்து மூன்றாம் நாள். மறுநாள் துரை பார்வையிட வருகிறார். அண்ணிக்கு முடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நீங்கள், லாரியில் நின்றபடி கத்தினீர்கள்.

"புள்ளையெல்லாம் பாத்துக்கம்மா!"

கடல் காற்றில் எனக்கு அது 'புல்லையெல்லாம்' என்றுதான் கேட்டது. கயிற்றுக்குள்ளும் விரல் உயரத்துக்கு மெல்லிசாய்ப் பச்சையாய் நின்றதே! பார்த்துக்கொண்டேன், அண்ணே. இடுப்பு ஒடியப் பிடுங்கினேன். மழை பிடித்துக்கொண்டதால் எட்டாவது மரத்தடி மட்டும் தப்பியது.

காலையில் நீங்கள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, சவுக்கு ஊசியைக் கழற்றுவதுபோலக் கணுக்கணுவாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

"இது புல்லு இல்லம்மா. புள்ள."

பிறகு துரையிடம் போய், நீங்கள் சொல்லித்தான் நான் பிடுங்கினேன் என்று பழியை ஏற்றுக்கொண்டீர்கள். உங்களைச் சாக்கடை வேலைக்கு மாற்றினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, வேலை போய்விடும் என்ற பயம். அங்கேதான் காய்ச்சல் கண்டு படுத்தீர்கள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. மூன்று நாள் பழக்கத்தில் ஒருத்திக்காக யாராவது இப்படிச் செய்வார்களா? ஏன் செய்தீர்கள்?

எட்டாவது மரத்தடிக் கன்றுகள் என் தலையைத் தாண்டிவிட்டன. மற்ற இடத்திலும் அடுத்து விழுந்த விதை முளைத்து அடைத்துக்கொண்டது. ஒன்றின் வெயிலை ஒன்று பிடுங்கி எல்லாம் நோஞ்சானாக நிற்கின்றன. இரண்டு தப்படிக்கு ஒன்று விட்டு மீதியை வெட்டச் சொல்கிறார் அதிகாரி. கத்தியை எடுத்தேன், கை எழவில்லை. மறுபடியும் நானேவா?

கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன், அன்றைக்கு நானாகத்தான் பிடுங்கினேன், காளியப்பண்ணன் சொல்லி இல்லை என்று.

அவர் நிமிர்ந்து பார்த்து, "யாரு காளியப்பன்?" என்றார்.

இத்தனை நாள் நான் பயந்தது இதற்குத்தானா? லாரியில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

நாளைக்கு வெட்டுவேன், அண்ணே. வெட்டாவிட்டால் ஒன்றும் மரமாகாது என்று எனக்கும் தெரியும். புதிதாக இரண்டு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். தூரத்திலிருந்து கத்த மாட்டேன். பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு கன்றைக் கணுக்கணுவாகக் கழற்றி அவர்கள் கையில் வைத்து, உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கத்தியைக் கொடுப்பேன்.

புல்லென்று நீங்கள் பிடுங்கி எறியாத தங்கச்சி,
பாக்கியம்