கால் முறிந்தது, காது முளைத்தது

2013 பெப்ரவரி 5, செவ்வாய்

கிப்ஸுக்குள், அதுதான் மாவுக்கட்டுக்குள், கால் கடிக்கிறது. பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்தேன். "ஊசி உள்ளுக்கை முறிஞ்சா ஆஸ்பத்திரியிலை என்னெண்டு சொல்லுவாய்?" என்று கேட்டார் இவர். பனியில் சறுக்கி விழுந்தேன் என்று போன் எடுத்தபோதும் இந்த மனுசன் முதலில் விசாரித்தது முட்டைப் பெட்டியை. மகேஸ்வரன் என்று பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

டாக்டர் நூறு வீதம் வேலை செய்யக் கூடாது என்று எழுதித் தந்துவிட்டார். நான் இல்லாமல் அந்தக் கடைத்தொகுதியை யார் ஒழுங்காகத் துப்பரவாக்குவார்கள்?

பெப்ரவரி 9

சலிப்பில் மகன் அபிசனின் அறையைக் கிளறினேன். சூரிச்சில் வேலை கிடைத்துப் போனவன் தன் குப்பையை எல்லாம் எனக்கு விட்டுப் போயிருக்கிறான். அதற்குள் ஒரு கறுப்புப் பெட்டி, அன்ரெனாவோடு. போன் எடுத்துக் கேட்டேன். ஸ்கேனராம். மற்றவர்கள் வோக்கி-டோக்கியில் கதைப்பதைக் கேட்கிற சாமான்.

"கேக்கலாம் அம்மா. ஆனா கேட்டதை வேறை ஆருக்கும் சொல்லக் கூடாது எண்டு நினைக்கிறன்."

"சரி, எப்பிடிப் போடுறது?"

"அது உங்களுக்குச் சரிவராது."

இதை அவன் சொல்லியிருக்கக் கூடாது.

பெப்ரவரி 12

சரிவந்தது. கொஞ்சம்.

பெரிய இடங்களில் ஒரு குழுவுக்கு ஒரு அலைவரிசை என்று இல்லையாம். கட்டுப்பாட்டு அலைவரிசை ஒன்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். கோயிலில் பந்திக்கு ஆள் இருத்துகிறவர் மாதிரி, 'நீ அங்கே போ, நீ இங்கே போ' என்று வெறுமையாக இருக்கிற அலைவரிசைக்கு ஒவ்வொரு குழுவையும் அனுப்பும். ஸ்கேனருக்கு அந்த ஒன்றைக் காட்டிக்கொடுத்தால் போதும், மற்றவர்களின் பின்னாலே அது தானாக ஓடித் திரியும். ஆனால் அந்த ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். கோப்பி அரைக்கிற சத்தம் ஓயாமல் கேட்டால் அதுதான்.

மத்தியானம் பிடித்தேன். எங்கள் கடைத்தொகுதியுடையது! துள்ளிய சந்தோஷத்தில் ஊன்றுகோல் விழுந்து கீழ்வீட்டுக்காரி கீழேயிருந்து தன் சீலிங்கில் தட்டினாள்.

பெப்ரவரி 13

பிழையான பொத்தான். எல்லாம் அழிந்தது. அபிசனுக்குச் சொல்லவில்லை.

பெப்ரவரி 16

திரும்பவும் போட்டேன். பொலிஸ் கதைப்பது ஒன்றும் விளங்காது, மற்றவர்கள் கேட்காதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு எங்கள் கடைத்தொகுதியே போதும். ஒவ்வொரு குழுவுக்கும் இலக்கம்தான் வரும், பெயர் நாங்கள் வைக்க வேண்டும். லிஃப்ட் திருத்துகிறவர்களுக்குச் 'சோம்பேறி' என்று வைத்தேன். காவல்காரருக்குக் 'கட்டைக்குரல்'.

கட்டைக்குரல் இன்று என்னைப் பற்றிக் கதைத்தது. "ஜெனரல் எப்போது திரும்பி வருகிறாளாம்?" நான் ஜெனரலாம்! மற்றவன், "அவசரமில்லை, கால் ஆறட்டும்" என்றான். நாய்கள்.

ஆனாலும் ஜெனரல் என்ற பெயர் பிழையில்லை.

பெப்ரவரி 21

இவரும் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருக்கத் தொடங்கிவிட்டார். "மூண்டாம் மாடிக் கக்கூசு இன்னும் அடைச்சிருக்கோ?" என்கிறார், தொடர்நாடகம் மாதிரி.

பெப்ரவரி 27, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

பின்னேரம் கட்டைக்குரல்: கடை வாசலில் அலாரம் அடித்தது. ஒரு தமிழ் அம்மா. கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போனாள். பிடித்து அறையில் இருத்தியிருக்கிறோம். ஊதாக் கோட், மஞ்சள் தொப்பி. எடுத்தாயா என்று கேட்டால் 'யா, குட்' என்கிறாள், ஓம், நல்லது என்று. பொலிசைக் கூப்பிடட்டா என்றால் அதற்கும் 'யா, குட்'.

ஊதாக் கோட்டுக்கு மஞ்சள் தொப்பி போடுகிறவள் பெர்ன் முழுவதும் ஒருத்திதான். கஜலக்சுமி. என்னோடு ஒரே அகதி முகாமில் இருந்தவள். நான் கதைக்காதவள். மூன்று வருசத்துக்கு முதல் கோயில் திருவிழாவில், மேளத்துக்குப் பக்கத்தில், "கஜா, என்ரை அக்கா செத்துப் போனாவடி" என்றேன். சிரித்துக்கொண்டு, "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றோடு விட்டேன்.

அவளாவது களவெடுக்கிறதாவது! முகாமில் என் சீப்பை எடுத்தால்கூடக் கேட்டுத்தான் எடுப்பாள்.

போனால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். வேலை போகும். போகாவிட்டால் பொலிஸ் வரும், அவளுக்கு ஒரு இழவும் விளங்காது, கையெழுத்தை வைத்துவிடுவாள்.

இவருடைய சப்பாத்தைக் கிப்ஸுக்கு மேலே இழுத்துக் கட்டினேன்.

"உனக்கு அவளோடை கதையே இல்லையே?" என்றார்.

"இண்டைக்கு இருக்கு."

ட்ராமில் போய் இறங்கினேன். கட்டைக்குரல் தினமும் என்னைக் கண்டு தலையாட்டுகிற அந்த ஒல்லி மனுசன், வாய் திறந்து நான் கேட்டதில்லை, நம்பவே முடியவில்லை. கஜா மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் முகம் உடைந்தது. குனிந்து அவள் முகத்துக்கு நேரே, "பில் எங்கையடி?" என்றேன். கையுறைக்குள்ளிருந்து எடுத்தாள். சால்வைக்குக் காசு கட்டியிருக்கிறாள். அலாரத் தகட்டைக் கழற்ற மறந்தது கடைக்காரி. கூப்பிட்டுக் கேட்டார்கள், அவளும் ஒத்துக்கொண்டாள்.

ஒல்லி மன்னிப்புக் கேட்டான். பிறகு என் காலைப் பார்த்தான். "உங்களுக்கு யார் சொன்னது?"

"எங்களுடைய ஆட்களுக்குச் செய்தி காற்றிலே வரும்" என்றேன். பொய் இல்லை.

திரும்பி வரும்போது ட்ராமில் நான் ஏதோ கேட்டேன். யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். தோளைத் தட்டித் திருப்பினேன்.

"உனக்குக் காது கேக்கிறேல்லையோ?"

"ஆர் சொன்னது?" கோபம் வந்தது அவளுக்கு. பிறகு, "சொண்டு அசையிறதைப் பாத்து விளங்கிக்கொள்ளுவன். வேலையிலை தெரிஞ்சா நிப்பாட்டிப் போடுவாங்கள்."

"அப்ப கோயிலிலை? அக்கா செத்தது?"

"எந்த அக்கா?" என்றாள். "எப்பயடி?"

எல்லாரும் பார்க்கிறார்கள் என்றுகூடப் பாராமல் இரண்டு பேரும் அழுதோம். இறங்க வேண்டிய தரிப்பும் போய்விட்டது.

மூன்று வருசம்! மடைச்சி நான். அவளும்தான். காது போனால் சொல்லித் துலைக்கிறதுக்கென்ன?

மார்ச் 15

கஜாவைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். நொண்டியும் செவிடும் என்று இவர் சொன்னார். இரவு இவருக்குச் சோறில்லை, வெறும் பாண்தான்.

மே 6

வேலைக்குத் திரும்பினேன். மூன்றாம் மாடி இன்னும் அடைபட்டுத்தான் கிடக்கிறது.

யூன் 20

எல்லோருக்கும் புது வோக்கி வந்திருக்கிறது, பொலிஸ் மாதிரிப் பூட்டியது. ஸ்கேனரில் இப்போது கரகரப்புக்கூட இல்லை. தரும்போது ஒல்லி, "இனிக் காற்றிலே ஒன்றும் வராது" என்றான். சிரித்தானா இல்லையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

செப்டெம்பர் 8, ஞாயிறு

கஜா வந்திருந்தாள். இரண்டு காதுக்குப் பின்னாலும் அவரைக்கொட்டை அளவில் மெசின், நிற்பாட்டுகிற பொத்தானோடு. வேலையிலும் சொல்லிவிட்டாளாம், ஒருவரும் நிற்பாட்டவில்லை. இவர் முறுக்குக் கடிக்கிற சத்தம் இவ்வளவு பெரிதா என்று கேட்டாள். நான் மருமகள் தேடுகிற கதையைத் தொடங்கினேன். பாதியிலே அவளுடைய விரல் மெதுவாகக் காதுக்குப் பின்னால் போயிற்று. ஒரு பக்கம், பிறகு மற்றப் பக்கம். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு நிம்மதியாகத் தேத்தண்ணியைக் குடித்தாள்.

நான் விடவில்லை. முழுக் கதையையும் சொல்லி முடித்தேன்.