பாஹுவா யாரிடம் பேசுவது

2014 அக்டோபர் 7
பள்ளியிலிருந்து ஒரு மஞ்சள் தாள். பேத்தி பாஹுவா ஏழாம் வகுப்பு. வாரம் ஒருமுறை அவள் மாணவர் ஆலோசகர் லிண்ட்க்விஸ்ட் அம்மாளிடம் மனம்விட்டுப் பேசப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். இந்த வீட்டில் நான் சொன்ன பிறகுதான் கையெழுத்து. நானே படித்தேன். இந்த வெள்ளைக்காரர் நாட்டுக்கு வருமுன், தாய்லாந்து அகதி முகாமில் தானாக எழுத்துக் கற்றவன். எனக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டாம். கூடாது என்றேன்.

இப்படி ஓர் ஆலோசகர்தான் என் மகன் சோங்கிடம், "உனக்கெதுக்குக் காலேஜ்? கார் பட்டறைக்குப் போ" என்றார். 1986இல். கணக்கில் வகுப்பிலேயே முதல் பையன். இன்றும் காருக்கடியில் கிடக்கிறான்.

அக்டோபர் 8
"என்ன தப்புப் பண்ணினே?"
"ஒண்ணும் பண்ணல தாத்தா. பசங்களும் இப்படித்தான் கேக்குறாங்க. அந்த ரூமுக்குப் போனாலே, 'மாட்டிக்கிட்டியா, இல்ல மறை கழண்டுடுச்சா?'ன்னு."
"அப்புறம் ஏன் போகணும்ங்கிறே?"
பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 10
வழி கண்டுபிடித்தேன். அதே பள்ளியில் உதவி ஆலோசகர் கசூவா. எங்கள் ஹ்மாங் இனத்துப் பெண், அதிலும் எங்கள் மூவா குலம், என்னைப் பெரியப்பா என்பவள். பேசத்தான் வேண்டுமென்றால் அவளிடம் பேசட்டும்.
"அவங்க வேணாம் தாத்தா."
"ஏன், நம்ம ஆளுங்க கசக்குதா?"
"நான் பஸ் ஏறுறதுக்குள்ள சேதி வீட்டுக்கு வந்துடும்."
சொந்தக் குலத்தைப் பற்றி இப்படியா ஒரு பெண் பேசுவது!

அக்டோபர் 15
கசூவாவிடம் போனாள். நான் சொன்னதுதான் நடந்தது.

அக்டோபர் 18
சந்தையில் கடுகுக்கீரை பார்த்துக்கொண்டிருந்தேன். "பெரியப்பா!" — கசூவா.
"சோங் அண்ணனும் அண்ணியும் மாசக்கணக்கா பேசிக்கிறதே இல்லையாமே? பிரிஞ்சுடுவாங்களோன்னு புள்ள என்கிட்ட ஒரே அழுகை. பெரியவங்க நீங்க உக்காத்தி வெச்சுப் பேசக்கூடாதா?"
நல்ல மனதோடுதான் சொன்னாள். கீரைக்காரி நிறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.
அதே வீட்டில் இருக்கிறேன். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன் — அது குழந்தைக்கும் தெரியாது என்று எப்படி நினைத்தேன்?

அக்டோபர் 19
பாஹுவா என்னிடம் பேசவில்லை. சந்தைச் சேதி அவளுக்கும் வந்துவிட்டது.

அக்டோபர் 21
மஞ்சள் தாளைச் சோங்கிடம் நீட்டினேன். "போடு."
"நீங்கதானேப்பா வேணாம்னீங்க?"
"இப்பவும் வேணாம்னுதான் சொல்றேன். போடு."
மகனையும் மருமகளையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். அது என் வேலை. பாஹுவாவின் வேலை அல்ல.

அக்டோபர் 29
"இன்னிக்கு லிண்ட்க்விஸ்ட் அம்மாகிட்ட போனேன் தாத்தா" என்றாள். ம் என்றேன். என்ன பேசினாய் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. சோறு போட்டுக் கொடுத்தேன்.
சாயங்காலம் கசூவா தொலைபேசியில். "வெள்ளைக்காரம்மாகிட்ட புள்ள என்ன சொல்லுதாம் பெரியப்பா?"
"தெரியாதும்மா" என்றேன்.