ராதாம்மாவுக்கு ஒரு பிடி

மாமா,

இரண்டு நாளாகச் சீயக்காய் போட்டுத் தேய்த்தும் என் கையில் கிரீஸ் வாசனை போகவில்லை. பழைய கிரீஸும் மரத்தூளும் கலந்த வாசனை. இத்தனை வருஷமாக இதை உங்கள் வாசனை என்றுதான் நினைத்திருந்தேன். முந்தாநாள் கிளியனூரில் அவள் கொட்டகைக் கதவைத் திறந்ததும் அதே வாசனை என் முகத்தில் வந்து அடித்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆமாம், கிளியனூருக்குத்தான் போனேன். நானே போனேன். ஏன் போனேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, பிழை இருக்கும். இனி நீங்கள் பிழை பார்க்கப் போவதில்லை.

ராதாம்மாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. விழுப்புரத்தில் நாம் மரப் பட்டறை போட்ட மூன்றாம் வருஷம். வாசலில் நின்று உங்கள் கூட்டாளியிடம் சொன்னீர்கள்: "கிளியனூர்லேர்ந்து ராதாம்மாவ நாளைக்கு இட்டாரப் போறேன். வயசானதுதான். ஆனா கை இன்னும் நல்லா நீளுது." உள்ளே கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்த நான் துடுப்பைச் சட்டியிலேயே விட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். களி அடிப்பிடித்தது. அன்றைக்கு உங்களுக்குச் சாப்பாடு இல்லை, காரணமும் சொல்லவில்லை.

மறுநாள் டெம்போவில் வந்து இறங்கியது இரும்பு. ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு தூண், தூணிலிருந்து நீளும் ஒரு கை. கையில் மோட்டாரும் வட்ட ரம்பமும் தொங்கின. ரம்பத்தை நம் பக்கம் இழுத்தால் பலகை அறுபடும். ரேடியல் ஆர்ம் என்று அதற்குப் பெயராம். அது கிளியனூர் ஆட்கள் வாயில் ரேடியலாம்மா ஆகி, உங்கள் வாயில் ராதாம்மா ஆகிவிட்டது. விஷயம் தெரிந்து பட்டறையே சிரித்தது. நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. முதல் மழைக்கு அதன்மேல் நீங்கள் போர்த்தியது என்னுடைய நீலப் புடவை.

ராதாம்மா மேலிருந்த ஆத்திரம் பிறகு கிளியனூர்க்காரி மேல் போனது. அவள் புருஷன் மரப்பெட்டி அடிக்கும் பட்டறை வைத்திருந்தவர். அவர் இறந்த பிறகுதான் மிஷினை விற்றாள். அதே மாதிரி இன்னொன்று, ஓடாதது, அவள் கொட்டகையிலேயே கிடந்தது. நம்முடையதில் எது தேய்ந்தாலும் அதிலிருந்து கழற்றி வரக் கிளம்பிவிடுவீர்கள். மொத்தம் பதினொரு தடவை. பேரிங்குக்குப் போன அன்று ஊதா சட்டை. ஸ்விட்சுக்குப் போனது பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள். நம் பேத்திக்குக் காது குத்திய அன்று மத்தியானமே, பந்தி முடிவதற்குள், ஏற்றி இறக்கும் கைப்பிடிக்கு என்று போனீர்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கழற்றி வந்தால் என்ன என்று கேட்டேன். "பழுதானாதான கழட்டணும்" என்றீர்கள். லேட்டானால் திண்டிவனத்தில் பஸ் கிடைக்கவில்லை என்பீர்கள்.

ஒரே ஒரு நாள் என் மனம் ஆறியது. பட்டறையில் யாரும் இல்லாதபோது என்னைக் கூப்பிட்டு, தூணில், மிஷினின் கை திரும்பாமல் இறுக்கும் பூட்டுப்பிடியில் என் கையை வைத்து, மேலே உங்கள் கையை வைத்தீர்கள். மற்றதெல்லாம் இடது பக்கம் திருப்பினால் கழலும், இதற்கு எதிர்மரை, வலது பக்கம் திருப்பினால்தான் கழலும் என்று காட்டினீர்கள். "இது உனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்" என்றீர்கள். நகை போட்டதுபோல அதை வைத்துக்கொண்டேன். நீங்கள் போய் நாலு வருஷமாகியும் யாரிடமும் சொல்லவில்லை, பெற்ற மகனிடம்கூட.

அதுதான் வினையாகிவிட்டது. இதுவரை நேராகவே அறுத்துக்கொண்டிருந்தவன், போன வாரம் சாய்வாக அறுக்க மிஷினின் கையைத் திருப்பப் பார்த்திருக்கிறான். பிடியை இடது பக்கம் திருப்பினான். இறுகியது. சுத்தியால் தட்டினான். வார்ப்பிரும்பு, படக்கென்று உடைந்துவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். லேத்துக்காரர் மிச்சத்தைக் கழற்றினார், ஆனால் பற்றவைத்தால் நிற்காது என்று கையை விரித்தார். "இப்ப யாருமா மரக்கதவு கேக்கறாங்க? பேஜாருமா. வெள்ளிக்கிழம காயலான் கடைக்காரரு வர்றாரு" என்றான் மகன்.

அன்று முழுக்க எனக்கு ஒரே எண்ணம். நம்முடையது காயலான் கடைக்குப் போய்விட்டால், நீங்கள் கை வைத்த மிஷின் என்று உலகத்தில் மிஞ்சுவது அவள் கொட்டகையில் கிடப்பதுதான். அவளிடம் இருக்கும், என்னிடம் இருக்காது. என்னால் தாங்க முடியவில்லை. கல்யாண மண்டபத்துக்காரர் மணைப்பலகை இருபத்து நாலு வேண்டும் என்று கேட்டிருந்தார். மகனிடம், பிடி கிடைத்தால் நானே அறுத்துக் கொடுக்கிறேன், வெள்ளிக்கிழமை வரை பொறு என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை பஸ் ஏறினேன். திண்டிவனத்தில் இறங்கி நின்ற பத்தாவது நிமிஷம் கிளியனூர் வழியாகப் போகும் பாண்டி பஸ் வந்தது. அதையும் மனதில் குறித்துக்கொண்டேன், மாமா.

அவளுக்கு முட்டி வலி. வாசலில் கட்டில் போட்டு மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். என்னை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் எழுந்திருக்காமலே, "வாக்கா. இப்பதான் வழி தெரிஞ்சிதா உனுக்கு?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். கொட்டகையைத் திறந்துவிட்டாள். அந்த மிஷினில் மோட்டார் இல்லை, ரம்பம் இல்லை. தூணும் கையும், அந்தப் பிடியும் மட்டும் நின்றன. தேங்காய் எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் பிடித்து, "வலது பக்கம்" என்றேன். அவளும் அதே நேரத்தில் "வலது பக்கம்" என்றாள்.

உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவள் புருஷன் சொல்லிக் கொடுத்ததாம். உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அவளாம். உனக்கும் எனக்கும் மட்டும் என்றீர்களே. இதற்கு உங்களை எப்போது மன்னிப்பேன் என்று தெரியவில்லை.

"இந்தப் பிடியையும் அவரு கேட்டாருக்கா. உங்களுது தேஞ்சிபோச்சின்னு. நான்தான் தரல" என்றாள்.

"ஏன்?"

"அதயும் குடுத்துட்டா அப்பால எதுக்கு வரப்போறாரு?"

நான் இத்தனை வருஷம் சந்தேகப்பட்டது சரி. அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. ஒரு டீயாவது குடித்தாரா என்று கேட்டேன். "எங்க குடிச்சாரு? வூட்ல வாசன புடிச்சிருவான்னு சொல்லுவாரு" என்று சிரித்தாள். பிறகு மல்லாட்டைத் தோலைப் புடவையிலிருந்து தட்டிவிட்டாள்.

"அவரு மூஞ்சியப் பாக்கவாக்கா வரவச்சேன்? மிஷின் எப்படி ஓடுதுன்னு சொல்லுவாரு. எங்க வூட்டுக்காரரு நாள் பூரா ஓட்டுனது அது. அந்தச் சத்தத்திலதான் நான் குடும்பம் பண்ணேன். ஓடுறது உங்கிட்ட இருக்குது, ஓடாதது எங்கிட்ட. எனுக்கு எம்மாம் வயித்தெரிச்சலா இருந்திருக்கும் உம்மேல?"

பிடியை இன்னும் ஒரு சுற்று வலது பக்கம் திருப்பினேன். பிடி கழன்று என் கையில் வந்தது. கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள், மிஷின் ஓடினால் ஒருதரம் போனில் சத்தம் காட்டச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பிடியை மகன் மாட்டினான். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவனுக்கும் சொல்லிவிட்டேன். இனி அதில் ரகசியம் என்ன இருக்கிறது? காயலான் கடைக்காரர் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். மகன் மரத்தைப் பிடித்துக்கொள்ள, ரம்பத்தை நான் இழுத்தேன். நீங்கள் இழுப்பதுபோலவே, அவசரமில்லாமல்.

அதற்கு முன்பே அவளுக்குப் போன் போட்டு மேசை ஓரத்தில் வைத்திருந்தேன். முதல் பலகை அறுபட்டு விழுந்ததும், "அதேதான்க்கா" என்றாள்.

அடுத்த பலகையை எடுத்து வைக்குமுன் போனை அணைத்துவிட்டேன். முதல் பலகையின் சத்தம் அவள் புருஷனுக்கு. மீதி இருபத்து மூன்றும் எனக்கு, மாமா.